எதுக்கும் அரூஸ் குருவிக்கூட்டுக்குத் தளம் போட்ட வாரம்

அலவத்துகொடையில் அரூஸ் என்று கேட்டால் மூன்று பேரைக் காட்டுவார்கள். எதுக்கும் அரூஸ் என்று கேட்டால் ஒரே ஒருவரைத்தான் காட்டுவார்கள். காட்டுகிறவர் கொஞ்சம் சிரிக்கவும் செய்வார்.

வயது ஐம்பத்தாறு. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக் கடையில் இருபத்தெட்டு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு குளிசை மாறிப்போனதில்லை. அதைத் திறமை என்று முதலாளி சொல்வார். பயம் என்பது அரூஸுக்குத் தெரியும். டொக்டரின் எழுத்தை மூன்று முறை வாசிப்பார். பிறகு, எதுக்கும் ஒருக்கா கேட்போமே என்று டொக்டருக்கே ஃபோன் எடுப்பார். தம் கையெழுத்தைத் தாமே வாசிக்க முடியாமல் வெட்கப்பட்ட டொக்டர்கள் கண்டியில் சிலர் உண்டு. காஸ் அடுப்பை மூடியாயிற்றா என்று பார்க்க பஸ் தரிப்பிலிருந்து திரும்பி வருவார். தமது நிக்காஹ் மேடையில், எதுக்கும் என்று, மணமகளின் பெயரை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னவர் அவர். மணமகள் றமீலா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

பிரஷர் கூடியபோது ஒரு டொக்டர் சொன்னார்: "மனசுக்கு ஆறுதலா எதையாவது வளருங்க." அரூஸ் குருவி வளர்த்தார். லவ்பேர்ட்ஸ், கொக்கடீல், ஃபிஞ்ச் என்று இருபத்தெட்டு சேர்ந்தன. அதாவது, அதற்கு முன் சும்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்த மனிதருக்குக் கவலைப்பட இருபத்தெட்டு உருப்படியான காரணங்கள் கிடைத்தன. பிரஷர் இறங்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். எது எதோடு சேரும், எது தினையைச் சிந்தும், எது இடி இடித்தால் மூலைக்குள் ஒடுங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இடிக்கு ஒடுங்குவதில் அவருக்கும் அவற்றுக்கும் ஒற்றுமை இருந்தது.

கூடு பின்வளவில் வெறும் மண்ணில் நின்றது. ஆகஸ்டில் ஒரு பெருச்சாளி, வளவுச் சரிவிலிருந்து சுரங்கம் தோண்டி, சட்டத்துக்குக் கீழால் ஏறி, ஆறு குருவிகளைக் கொண்டுபோனது. அரூஸ் மூன்று நாள் கடைக்குப் போகவில்லை. நாலாம் நாள் மீதி இருபத்திரண்டையும் சின்னச் சின்னக் கூடுகளில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்தார். அலுமாரிக்கு மேல் நாலு கூடு, டீவிக்குப் பக்கத்தில் இரண்டு, ஹோல் கதிரைகளில் மற்றவை. வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றுகொண்டே தேநீர் குடித்தார்கள். தொழுகைப் பாயில் தினை கிடந்தது. சோற்றில் இறகு கிடந்தது.

இரண்டு மாதம் றமீலா பொறுத்தார். ஒக்டோபர் தொடக்கத்தில் செய்தி வந்தது. குருணாகலில் கட்டிக்கொடுத்த மகள் நுஸ்ஹா, தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வருகிறாள். அடுத்த வாரம் சனிக்கிழமை. மிட்வைஃப் வீட்டைப் பார்க்க வந்தார். ஹோலுக்குள் கால் வைத்ததும் ஐந்து தரம் தும்மினார். ஆறாவது தும்மலுக்கு முன் கிடைத்த இடைவெளியில், "பச்சப்புள்ள வார வீட்டுக்குள்ள இந்தத் தூசு ஆகாது" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

"இங்க பாருங்க. சனிக்கிழம மகள் வாசல்ல கால் வெக்கிற நேரம் குருவி எல்லாம் வெளிய ஈக்கணும். இல்லாட்டி இன்ஷாப் வேனக் கொண்டு வருவான்."

இன்ஷாப் என்பது றமீலாவின் தம்பி. மாத்தளையில் மீனும் குருவியும் விற்கும் கடை வைத்திருந்தான். அவன் கெட்டவனல்ல. ஆனால் அவன் கடையில் எந்த உயிரும் மூன்று நாளுக்கு மேல் தங்காது. யாரிடம் போனது, எங்கே போனது, தினை போடுகிறார்களா, வெயிலில் வைக்கிறார்களா என்று கேட்டால், "மச்சான், போனது போனதுதான்" என்பான். எந்தக் குளிசை எந்த வீட்டுக்குப் போயிற்று என்று இருபத்தெட்டு வருடமாக நினைவில் வைத்திருக்கும் ஒருவருக்கு அந்தப் பதில் நெஞ்சில் அடைத்தது. போனது போனதுதான். அந்த வார்த்தைகளை நினைத்துக்கொண்டு அரூஸ் இரண்டு இரவு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

மூன்றாம் நாள் முடிவெடுத்தார். பெருச்சாளி தோண்ட முடியாத தரை வேண்டும். பன்னிரண்டுக்கு எட்டு அடி, நாலங்குலத் தடிப்பில், கொங்கிரீட்.

மேசன் பாஸ் காளிமுத்துவுக்கு ஃபோன் போனது. மடுல்கெல்ல தோட்டத்தில் பிறந்து, கொழுந்துக் கூடைக்குப் பதிலாக மேசன் கரண்டியை எடுத்து, இப்போது வத்தேகமப் பக்கம் குடியிருக்கும் மனிதர். நிதானமானவர். அந்த நிதானத்தை அரூஸ் பதினொரு ஃபோன் அழைப்புகளால் சோதித்தார். வளவு சரிந்தால் தளம் சரியுமா? தளம் வெடித்தால் பெருச்சாளி வெடிப்பால் வருமா? சீமெந்து மணம் குருவிக்கு ஆகுமா? கூட்டைக் காற்று தூக்கிக்கொண்டு போனால்?

"அரூஸ் நாநா," என்றார் காளிமுத்து பதினொன்றாவது அழைப்பில், "நான் வீடு கட்டிருக்கேன், கோயில் கட்டிருக்கேன், பாலத்துக்குக் கல்லு வச்சிருக்கேன். யாரும் இம்புட்டுக் கேட்டதில்ல. ஞாயித்துக்கெழம காலைல வாரேன். அதுவரைக்கும் ஃபோனைப் பூட்டி அலுமாரில வைங்க."

மிஞ்சியிருந்த கவலை வானம். ஒக்டோபரில் இந்தப் பக்கம் காலை வெயில் அடிக்கும். பின்னேரம் மூன்று மணிக்கு மேல் யாரோ குடத்தைக் கவிழ்த்த மாதிரி ஊற்றும். ஈரக் கொங்கிரீட்டில் அந்த மழை விழுந்தால் சீமெந்துப் பால் ஓடிவிடும், கல் பல்லிளிக்கும். மேலே ஒரு கூரை கட்ட வேண்டும். சின்னப் பொலித்தீன் போதாது. அதற்குக் கீழே தாமும் நின்று, தளம் காய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. வேலைக்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம், ஃபோன் எண்பது வீதம் மழை என்று காட்டியபோது, அரூஸுக்கு ஓர் எண்ணம் உதித்தது. ஊரிலேயே ஒழுகாத தறப்பாள் ஒன்று இருந்தது. நீலம். முப்பது அடி. ஒரு மழைக்கும் ஒரு துளி உள்ளே விடாதது. பள்ளிவாசல் களஞ்சிய அறையில் மடித்து வைத்திருக்கும் ஜனாஸாத் தறப்பாள்.

மரணம் நிகழ்ந்த மௌத்து வீட்டுக்கு முன்னால் கட்டுவதற்கென்றே ஊர் சேர்ந்து வாங்கியது அது. சாவி பள்ளிவாசல் பொறுப்பாளர் ஸெய்னுலாப்தீன் நாநாவின் இடுப்பில். அதைக் கேட்பதற்கு விண்ணப்பம், கையெழுத்து எதுவும் கிடையாது. ஃபோனில் சொன்னால் போதும், வரும். எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் துக்கத்தில் இருப்பவனைக் கேள்வி கேட்டு வருத்தக் கூடாது என்பது ஊர் வழக்கம். மிக அழகான வழக்கம். இதுவரை யாரும் அதைக் குருவிக்கூட்டுக்குப் பயன்படுத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அரூஸ் ஃபோன் எடுத்தார். இரவு முழுக்கத் தூங்காத குரல், கவலையில் நடுங்கியது.

"நாநா, அந்த ஜனாஸாத் தறப்பாள்... ஒருக்கா வேணுமா ஈக்கிது. வீட்டுக்கு."

ஸெய்னுலாப்தீன் குரலைத் தாழ்த்தினார். "அல்லாஹ் லேசாக்குவான் தம்பி. மனச விட்டுராதீங்க. நான் கண்டில ஈக்கிறன். ஓட்டோல அனுப்பச் சொல்றன். பகலைக்கு நானும் வாரன்" என்றார்.

ஒரு கொங்கிரீட் தளத்துக்காக ஒரு மனிதர் இவ்வளவு உருகுவார் என்று அரூஸ் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கியது.

பத்து மணிக்கு ஓட்டோ வந்தது. தறப்பாள் இறங்கியது. கூடவே, வழக்கப்படி, அடுக்கடுக்காய் நாற்பது பிளாஸ்டிக் கதிரைகளும் தேநீர் கொதிக்க வைக்கும் பெரிய கேத்தலும் இரண்டாவது நடையில் இறங்கின. "கதிரை வேணாமே" என்று அரூஸ் முனகினார். ஓட்டோக்காரர் அவரது வீங்கிய கண்களைப் பார்த்தார், தோளை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

பின்வளவில் காளிமுத்து வேலையில் இருந்தார். மண்ணை வெட்டி, கல்லைப் போட்டு இடித்து, மேலே பொலித்தீன் விரித்து, அதற்கு மேல் இரும்பு வலை. நாலு பக்கமும் பலகை. ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று சீமெந்தும் மணலும் கல்லும் கலந்தார். ஒவ்வொரு கலவைத் தாச்சி நிறையும்போதும் அரூஸ் குனிந்து பார்த்து உதடு அசைய எண்ணினார். தண்ணீர் நிற்காமல் ஓட, காளிமுத்து வளவுப் பக்கமாக வாட்டம் வைத்தார். கூட்டின் இரும்புச் சட்டத்தைப் பூட்ட நாலு மூலையிலும் போல்ட்டை நட்டார். பன்னிரண்டு மணிக்குக் கரண்டியால் கடைசித் தடவல் தடவி நிமிர்ந்தார்.

"ஆறு மணி வரைக்கும் ஒரு சொட்டு மழை படக் கூடாது நாநா. அதுக்கப்புறம் பெஞ்சா நல்லதுதான். தண்ணி கட்டுற வேல மிச்சம்."

"ஆறு மணி ரெண்டு நிமிஷத்துக்கு மழை பேஞ்சா?"

காளிமுத்து கை கழுவப் போனார்.

தறப்பாளைச் சமையலறைக் கூரையிலிருந்து எதிர் வேலித் தூண் வரை இழுத்துக் கட்டினார்கள். அரூஸ் ஒவ்வொரு முடிச்சுக்கும் மேல் ஏழு முடிச்சுப் போட்டார். வீடு சரிவில் இருப்பதால் மாத்தளை வீதியிலிருந்து பார்த்தாலே நீலம் தெரிந்தது. அந்த நீலம் தெரிந்தால் ஊர் அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்படும். பன்னிரண்டரைக்கு ஊர் வட்ஸ்அப்பில் செய்தி ஏறியது: *அரூஸ் நாநா வீட்டில் ஜனாஸா. விபரம் பின்னர்.*

விபரத்துக்காக ஊர் காத்திருக்கவில்லை. முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு ஹபீலா. மௌத்து வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று சோற்றுப் பானையோடு வந்தார். சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த றமீலாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார்.

"ஒரு வார்த்த சொல்லிருக்கப் படாதா றமீலா? யாரு?"

"என்ன யாரு?"

"மையத்து. மௌத்தானது யாரு?"

றமீலா பொரிக்கிற கரண்டியோடு முன் வாசலை எட்டிப் பார்த்தார். தொப்பியும் முகத்தில் சோகமுமாக ஒரு வரிசை படியேறிக்கொண்டிருந்தது. அடுக்கிக் கிடந்த கதிரைகளைப் பார்த்தார். எல்லாம் விளங்கியது. இருபத்தொன்பது வருட மணவாழ்க்கையில் அவருக்கு எதுவும் விளங்க இவ்வளவு நேரம்தான் எடுக்கும். பின்கதவைத் தள்ளித் திறந்தார்.

"இந்தா, இதுதான் மையத்து. பன்னெண்டு அடி. வந்து பாத்துக்கங்க எல்லாரும்."

மௌத்துக்கு வந்தவர்கள் மௌத்து இல்லை என்றால் மகிழ வேண்டும். மகிழ்ந்தார்கள் என்றுதான் பதிவு செய்ய வேண்டும். ஆனால் கடையைப் பூட்டிவிட்டு, மேடு ஏறி வந்த களைப்பு இருந்தது. கதிரை இருந்தது. கேத்தல் இருந்தது. ஹபீலாவின் சோறும் இருந்தது. உட்கார்ந்தார்கள். ஒரு மணிக்குள் தளத்தைச் சுற்றி முப்பத்தைந்து நிபுணர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"கல்லு கூடிட்டு போல."

"கல்லில்ல, தண்ணி கூடிட்டு. பளபளப்பப் பாருங்களே."

"வாட்டம் வீட்டுப் பக்கம் வருதே, அரூஸ்? மழை பேஞ்சா குருவி எச்சம் எல்லாம் குசினிக்குள்ளதான்."

ஒவ்வொரு கருத்தும் அரூஸின் நெஞ்சுக்குள் தனித்தனியாக இறங்கியது. கையில் ஒரு விளக்குமாற்றோடு தளத்தைச் சுற்றி நடந்தார். ஓரத்தில் யாருடைய செருப்பு நுனி நெருங்கினாலும் அதைத் தட்டினார். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், காய்கிறதா என்று பார்க்கும் நல்லெண்ணத்தில், ஊன்றுகோலால் ஓரத்தில் ஒரு குத்துக் குத்தினார். கோல் நாலங்குலமும் போனது. "இன்னும் காயல்ல" என்று அறிவித்தார்.

காளிமுத்து சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். குழியை அடைத்துத் தடவினார்.

"ஐயாமாரே, இது தாலி கட்டாத பொண்ணு மாதிரி. தள்ளி நின்னு பாக்கலாம். தொடக் கூடாது."

சொல்லிவிட்டு இரண்டேகால் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். போகும்போது ஹுன்னஸ்கிரியப் பக்கம் கறுத்திருந்த வானத்தை ஒரு தரம் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததைப் பற்றி அரூஸ் கவலைப்படத் தொடங்கினார்.

இரண்டரைக்கு ஸெய்னுலாப்தீன் வந்து சேர்ந்தார். கண்டியிலேயே மையத்தைப் போர்த்தும் கபன் துணி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். தளத்தைப் பார்த்தார். தறப்பாளைப் பார்த்தார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஊரைப் பார்த்தார்.

"தம்பி அரூஸ், இருவது வருஷமா இந்தச் சாவி என்ட இடுப்பில. ஒரு குருவிக்கு நான் இத எடுத்துக் குடுத்ததில்ல."

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா நாநா..."

"மௌத்து வீட்டுக்காரன்ட கேள்வி கேக்கிறதா? நல்ல கதையா ஈக்கிது! நீங்க மருந்துக்கு ஆயிரம் கேள்வி கேக்கிற ஆள். எனக்கு ஒரு வார்த்த சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

அரூஸ் தலைகுனிந்தார். வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் இருமுறை கேட்ட மனிதர், கேட்கத் தேவையில்லாத ஒரே இடத்தில் சரியாகச் சொல்லாமல் விட்டிருந்தார். அதைப் பார்த்து ஸெய்னுலாப்தீனுக்குச் சிரிப்பு வந்தது. கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"சரி. கட்டினது கட்டியாச்சு. மஃரிபுக்கு முன்ன கழட்டி அனுப்புங்க."

மஃரிப் தொழுகை ஆறு மணிக்குத்தான். அரூஸ் அன்று முதல் தடவையாக முழு மூச்சு ஒன்று விட்டார்.

அந்த மூச்சு முடிவதற்குள் ஸெய்னுலாப்தீனின் ஃபோன் அடித்தது. கேட்டார். "இன்னா லில்லாஹி" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். மேட்டுச் சந்து ஸக்கியா உம்மா, வயது எண்பத்தொன்பது, மூன்று வருடமாகப் படுக்கையில் கிடந்தவர், சற்று முன் மௌத்தாகிவிட்டார்.

யாரும் அரூஸைப் பார்க்கவில்லை. அதுதான் மோசம். எல்லோரும் மேலே தறப்பாளைப் பார்த்தார்கள்.

மூன்று மணி. தளத்துக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் வேண்டும். கீழே சீமெந்து, விரல் வைத்தால் விரல் பதியும் பதத்தில். ஹோலுக்குள் இருபத்திரண்டு குருவிகள். அவை மாத்தளைக்குப் போய், அங்கிருந்து யாருக்கும் தெரியாத வீடுகளுக்குப் போய், யாருக்கும் தெரியாத மூலைகளில் இடிக்கு ஒடுங்கும் காட்சி அரூஸின் கண்ணில் வந்தது. மூன்று வருடம் பொறுத்த மனுஷிக்கு மூன்று மணித்தியாலம் பொறுக்க முடியவில்லையா என்று ஓர் எண்ணமும் வந்தது. அந்த எண்ணத்துக்காக அவர் இன்றுவரை அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்துகொண்டிருக்கிறார்.

"அந்த வீட்டுக்கு முன்னால ஓடு போட்ட பந்தல் ஒண்டு..." என்று ஆரம்பித்தார். ஸெய்னுலாப்தீன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். கேட்கவும் இல்லை, கட்டளையிடவும் இல்லை.

அரூஸ் விளக்குமாற்றைக் கீழே போட்டார். வாங்குப் பலகையில் ஏறினார். முதல் முடிச்சில் கை வைத்தார்.

ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு எட்டு முடிச்சு. "வெட்டிருவமே கயித்த" என்றது ஊர். பள்ளிச் சொத்தை வெட்டுவதற்கு அரூஸ் சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றாய் அவிழ்த்தார். கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது அவர் கன்னத்தில் ஒரு துளி விழுந்தது. கண்ணீர் என்று சிலர் நினைத்தார்கள். மழை.

ஊர் கிளம்பியது. ஆளுக்கொரு கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள், குடைக்குக் குடை, கதிரைக்குக் கதிரை. கேத்தலை இருவர் தூக்கினார்கள். ஹபீலா மீதிச் சோற்றைப் பார்த்து, பானையை மூடி, அதையும் அனுப்பிவைத்தார். அரூஸ் வாசலில் நின்று தவித்தார். ஊரில் சிலர் ஜனாஸாவுக்குப் போனால் மற்றவர்கள் மீது கடமை நீங்கிவிடும். மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் ஊரே தன் வீட்டுக்கு வந்து போன நாளில் தான் மட்டும் வீட்டில் இருந்துகொள்ள மார்க்கத்தில் இடம் இருக்கலாம், அலவத்துகொடையில் இடமில்லை. றமீலாவைத் திரும்பிப் பார்த்தார்.

"போங்க," என்றார் றமீலா. "நின்டு என்ன, மழைய ஏசப் போறீங்களா?"

அரூஸ் ஒரு கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேடு ஏறினார்.

மேட்டுச் சந்தில் தறப்பாளைக் கட்டி முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. அதே தறப்பாளுக்குக் கீழே, ஒரு துளி படாமல் உட்கார்ந்து, தலைக்கு மேல் மழை அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துளியும் எங்கே விழுகிறது என்று அவருக்குத் தெரியும். உதடு துடித்தது. கை முழங்காலைப் பிசைந்தது. ஸக்கியா உம்மாவின் மூத்த மகன் அதைக் கண்டு, பக்கத்தில் வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்கட உம்மா மேல ஒங்களுக்கு இவ்வளவு பாசம் ஈக்கிதுன்டு எங்களுக்குத் தெரியாமப் போச்சே." அரூஸும் அழுதார். வேறு வழி இருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வரும்போது மழை விட்டிருந்தது. ஓடிப் போக வேண்டும் போலவும், போகவே கூடாது போலவும் இருந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வளவுக்குப் போனார்.

தளம் இருந்த இடத்தில் ஓர் அரசியல்வாதி மல்லாந்து கிடந்தார். போன தேர்தலில் தோற்ற வேட்பாளர் ஒருவரின் பெரிய பிளாஸ்டிக் பதாகை. விறகு நனையாமல் றமீலா அதால்தான் மூடி வைத்திருந்தார். இப்போது விறகு நனைந்து கிடந்தது. வேட்பாளர் கை கூப்பி, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தபடி, நெஞ்சில் ஒரு குட்டை மழைத்தண்ணீரோடு தளத்துக்கு மேல் படுத்திருந்தார். ஓரங்களில் செங்கல், அம்மிக்குழவி, வெறும் காஸ் சிலிண்டர். அவர் ஊருக்கு ஏதாவது செய்தார் என்றால் இதுதான். அதுவும் தோற்ற பிறகு. பதாகை பத்தடிதான். மீதி இரண்டடிக்கு, பிறக்கப் போகும் பிள்ளைக்கென்று வாங்கி வைத்திருந்த நாலு ரப்பர் விரிப்புகள் போட்டிருந்தன.

றமீலா பின்கதவுப் படியில், சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். முழுக்க நனைந்திருந்தார்.

"நீங்களா?" என்றார் அரூஸ்.

"பின்ன யாரு? அவரா எழும்பி வந்து படுத்தாரு?"

"குருவி போனா நல்லம்னுதானே சொன்னீங்க?"

"வெளிய போகணும்னு சொன்னன். இன்ஷாப்புட்ட போகணும்னா சொன்னன்?" முந்தானையை உதறினார். "அந்த ரப்பர் ரெண்டு காத்துக்கு நழுவிட்டு. ஓடி வந்து போடுறதுக்குள்ள அந்தக் கரை நல்லா வாங்கிட்டு. இப்ப தொறந்து பாக்கப் படாது. சொல்லிட்டன்."

அரூஸ் திறந்து பார்க்கவில்லை. பதாகையின் ஓரத்தை எட்டு முறை தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

திங்கள் காலை காளிமுத்து வந்து எல்லாவற்றையும் விலக்கினார். பத்தடி, சாம்பல் நிறத்தில், ஓடு மாதிரிக் கிடந்தது. கடைசி இரண்டடியில் சீமெந்து கழுவிப் போய்க் கல் எட்டிப் பார்த்தது. அங்கே இருந்த போல்ட்டைச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினார். ஆடியது. அரூஸ் உட்கார இடம் தேடினார்.

"பதறாதீங்க. மேல் தோலுதான் போயிருக்கு, எலும்பு நல்லாருக்கு. இந்தக் கரையைக் கொத்தி எடுத்து, போல்ட்டைத் திரும்ப நட்டு, கெட்டியா ஒரு கலவை போட்டுரலாம்."

"வெள்ளிக்கிழமைக்குக் காயுமா?"

"காயும்."

"காயாட்டி?"

"காயாட்டி நான் போய் அந்த மூலையில உக்காந்துக்கிறேன். என் எடைக்குக் கூடு பறக்காது."

நாலு நாள் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். அரூஸ் லீவு போட்டார். மருந்துக் கடையில் அந்த நாலு நாளும் டொக்டர்மாருக்கு ஃபோன் போகவில்லை. ஒருவர் கவலைப்பட்டு அவராகவே எடுத்து, சுகமா என்று விசாரித்தார். வெள்ளி காலை இரும்புச் சட்டம் வந்து ஏறியது. நாலு போல்ட்டும் பூட்டப்பட்டன. காளிமுத்து சட்டத்தைப் பிடித்து உலுக்கினார். சட்டம் அசையவில்லை. அரூஸும் உலுக்கினார். பிறகு றமீலாவைக் கூப்பிட்டு உலுக்கச் சொன்னார்.

சனிக்கிழமை. நுஸ்ஹாவின் வேன் மாவத்தகம தாண்டிவிட்டதாக ஃபோன் வந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம். குருவிகள் இன்னும் ஹோலில்.

"இன்னும் ஒரு நாள் காயட்டுமே" என்றார் அரூஸ். "அந்த மூலைல கொஞ்சம் நெறம் கறுப்பா ஈக்கிது."

றமீலா ஃபோனை எடுத்து, அவர் பார்க்கும்படியாக, ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி இன்ஷாப், வேன் ஈக்கா?"

"ஈக்கிது ராத்தா. இப்பவே வரட்டா?"

அரூஸ் அலுமாரிக்கு மேலிருந்த முதல் கூட்டைத் தூக்கினார். தூக்கியதே தெரியவில்லை, கால் தானாக நடந்தது. புதுக் கூட்டின் கதவைத் திறந்து, சின்னக் கூட்டை உள்ளே வைத்து, கம்பியை விலக்கினார். வயதான ஆண் கொக்கடீல் வாசலில் நின்று, தலையைச் சாய்த்து, தரையைப் பார்த்தது. இறங்கவில்லை. ஃபோனுக்குள் இன்ஷாப், "ராத்தா? ராத்தா?" என்றான்.

கொக்கடீல் குதித்தது. நாலு அடி நடந்தது. கறுப்பாய் இருந்த அந்த மூலைக்கே போய் நின்று, வாலைத் தூக்கி, எச்சமிட்டது. தளம் தாங்கியது.

பிறகு அது கத்தியது. வீட்டுக்குள் இருந்த இருபத்தொன்றும் ஒரே நேரத்தில் பதில் கத்தின. உதவிக்கு வந்திருந்த காளிமுத்து இரண்டு கையிலும் இரண்டு கூடுகளோடு வந்துகொண்டிருந்தார். பின்னால் ஹபீலா ஒன்றோடு. நாலைந்து நடையில் ஹோல் காலியானது.

"என்ன ராத்தா சத்தம் அது?"

றமீலா பின்கதவைச் சாத்தினார். ஹோலில் கிடந்த ஒரு கதிரையிலிருந்து தினையைத் தட்டிவிட்டு, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அதில் உட்கார்ந்தார்.

"குருவிதான்டா," என்றார். "வெளிய."